கையால செஞ்சா செலவு மிச்சமாகுமா? பிறந்தநாள் அலங்காரமும் பெயர் அட்டையும்

கேள்வி, கன்னியாகுமரி மாவட்டம் கருங்கல் பக்கத்திலிருந்து – அக்டோபர் 11

எக்கா, மகளுக்கு ஒரு வயசு ஆகப் போகுது. நவம்பர் 30, வீட்டு முற்றத்துலயே வைக்கோம். 150 பேர் வருவாவ. பலூன், பேனர், அழைப்பு அட்டை, வந்தவங்களுக்குக் கொடுத்து விட சின்னப் பெட்டி எல்லாத்துக்கும் சேத்து ஒருத்தர் சொன்ன தொகையைக் கேட்டு தலை சுத்திட்டு. நானே கையால செஞ்சா பாதிச் செலவுல முடிஞ்சிரும்னு நான் சொல்லுதேன். மாமியாரு ‘பேப்பர் பூவெல்லாம் மலிவாத் தெரியும்’ங்காவ. யாரு சொல்லுறது சரி?

அக்டோபர் 11, இரவு

ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல மக்களே.

பாதிச் செலவுல முடியாது. நாகர்கோவில்ல 11 வருஷமா இதைத்தான் செய்றேன். கிரேப் பேப்பர்ல பெரிய பூ ஒண்ணு செய்ய, கை பழகின எனக்கே 15 நிமிஷம் ஆகும். கேக் மேசைக்குப் பின்னால ஒரு துணி நிறையணும்னா 40 பூ வேணும். 10 மணி நேரம் போச்சு. உனக்கு முதல் பத்து பூ சரியா வராது. மடியில ஒரு வயசுப் பிள்ளை வேற. அதுக்குள்ள கம்பி, பசை, டேப், கெட்டுப்போன தாள்னு கடைக்கு நாலு நடை நடந்திருப்பே.

‘எல்லாம்’ங்கிற வார்த்தையை முதல்ல விடு. எதைக் கையால செய்யணும், எதைச் செய்ய வேண்டாம்னு பிரிச்சு வெச்சுக்கோ. மாமியார் சொன்னதுக்கு நாளைக்கு வாறேன்.

அக்டோபர் 12

அட்டையிலிருந்து ஆரம்பிக்கிறேன், முதல்ல வீட்டை விட்டுப் போறது அதுதான்.

150 பேருக்கு 150 அட்டை வேண்டாம். ஆளை எண்ணாம வீட்டை எண்ணு. ஒரு நோட்டுல எழுதிப் பாரு, 45 வீட்டுக்கு மேல வராது. இதுலயே செலவு மூணுல ஒண்ணா ஆயிரும்.

டிஜிட்டல் பிரின்ட் போடுற கடைகள்ல ஓடுற தாள் 12×18 அங்குலம். அதுல 4×6 அட்டை சரியா 9 வரும்னு கணக்கு சொல்லும். ஆனா ஓரம் வெட்ட இடம் விடணும். அதனால 3.75×5.75னு வெச்சுக்கிட்டா 9 அட்டையும் சுத்தமா கிடைக்கும். இது தெரியாம 5×7 கேட்டா ஒரு தாளுக்கு 4 மட்டும்தான் வரும், மிச்சமெல்லாம் வெட்டிப் போடற துண்டு. உனக்கு 5 தாள் போதும். கைக்காவல் ஒண்ணு சேத்து 6.

தாள் 300 ஜிஎஸ்எம் எடு. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடைங்கிறதுதான் அந்த எண். ஏ4 தாள் சதுர மீட்டர்ல பதினாறுல ஒரு பங்கு. 80 ஜிஎஸ்எம் ஏ4 ஒண்ணு 5 கிராம், 300ன்னா 19 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. கையில வாங்குறவங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியும். மாமியார் சொன்ன ‘மலிவு’ பெரும்பாலும் இங்கதான் இருக்கு. காகிதப் பூவை யாரும் குறை சொல்ல மாட்டாங்க, மெலிஞ்ச தாள்ல செஞ்ச காகிதப் பூவைத்தான் சொல்லுவாங்க.

அக்டோபர் 14

இதை எழுதணுமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடறேன்.

எங்க புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அழைப்பு அடிச்சப்போ நான் இந்த வேலைக்கு வந்திருக்கல. எழுதிக் கொடுத்தோம், ஒரு அச்சுக்கடையில அடிச்சுக் கொடுத்தாங்க. வீட்டுக்காரரோட ஆச்சி பேரு ‘அம்மை’ன்னு முடியும். நம்ம மாவட்டத்துல அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு அப்படி எத்தனை பேரு! அச்சுக்கடையில அதை ‘அம்மாள்’னு திருத்திட்டாங்க. மரியாதைன்னு நெனச்சிருப்பாங்க. நாங்களும் தேதியையும் நேரத்தையும் பாத்தோமே தவிர, பேரைப் பாக்கல.

ஆச்சிக்கு அப்போ 84 வயசு. அட்டையைக் கண்ணுக்குக் கிட்ட வெச்சு எழுத்து எழுத்தா வாசிச்சாவ. ‘பெரியோர் ஆசியுடன்’ வரைக்கும் வந்தாவ. அப்புறம் விரலை அந்தப் பேர் மேல வெச்சு என்னைப் பாத்துக் கேட்டாவ: “இது எவளாக்கும்?”

200 அட்டையும் கொடுத்து முடிச்சிருந்தோம்.

அதுக்குப் பிறகுதான் நான் அட்டை வேலைக்கு வந்தேன். இன்னைக்கும் ஆர்டர் எடுக்கும்போது முதல்ல கேக்கிறது நிறமும் டிசைனும் இல்ல. “இந்தப் பேரை அவங்க எப்படி எழுதுவாங்க?”ன்னுதான் கேப்பேன். ரேஷன் கார்டுல எப்படி இருக்குன்னு கேக்க மாட்டேன், அவங்க கையெழுத்து போட்டா எப்படி இருக்கும்னு கேப்பேன். உன் மாமியார் பேரை அவங்க கையாலயே ஒரு தாள்ல எழுதி வாங்கு. மகள் பேருக்கும் அதே. இனிஷியல் தமிழ்லயா இங்கிலீஷ்லயான்னு உன் வீட்டுக்காரர்கிட்ட இப்பவே பேசி முடி.

கையால செய்யணும்னு நான் சொல்றது பேர் இருக்கிற இடத்தைத்தான். மத்தது உன் நேரத்தைப் பொறுத்து.

அக்டோபர் 15

‘வாட்ஸ்அப்ல தமிழ்ல சரியா அனுப்பினேன், கடையில திறந்தா கொம்பும் காலும் இடம் மாறி நிக்குது’ன்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க. நீங்க அனுப்பினது யூனிகோட், போன்ல எல்லாம் இப்போ ஓடுற எழுத்து முறை. கடையில இருக்கிறது பழைய மென்பொருளாகவோ, பாமினி மாதிரி பழைய எழுத்துருவாகவோ இருந்தா அப்படித்தான் ஆகும். போட்டோஷாப்புன்னா எழுத்து அமைப்புல ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ போட்டாத்தான் ‘கொ’ கொவாவே நிக்கும். வழி ஒண்ணுதான்: அச்சுக்குப் போற கோப்பை பிடிஎஃப்பா வாங்கி, வீட்டுல ரெண்டு பேர் சத்தமா வாசிக்கணும். ஒருத்தர் அறுபது தாண்டினவங்களா இருந்தா நல்லது. அவங்க வார்த்தையைத் தாவ மாட்டாங்க.

அக்டோபர் 19

இனி முற்றம். இந்த மாவட்டத்துல இருந்துக்கிட்டு அலங்காரத்துக்கு பிளாஸ்டிக் இலை வாங்குறது எனக்கு மனசு ஒப்பாத காரியம். வாசலுக்குக் குலை வாழை ரெண்டு. கமுகம்பூ கிடைச்சா ரெண்டு பாளை, ஒரு செம்புல நிறுத்தினா போதும், மேசை நிறைஞ்சிரும். பந்தல் கயிறு நெடுக குருத்தோலைத் தோரணம். குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை மடக்கத் தெரிஞ்சவங்க உங்க பக்கம் நிறைய உண்டு, ஒரு ஆள் கிடைச்சா சாயங்காலத்துக்குள்ள 60 முழம் மடக்கிருவாங்க.

ஓலையை முந்தின நாள் சாயங்காலம் வெட்டி, ஈரத்துணி சுத்தி நிழல்ல வை. வெயில்ல போட்டா காலையில சுருண்டு கிடக்கும். காய்க்கிற மரத்துல குருத்து வெட்டாதே. மரம் இளைக்கும், வெட்டின காயத்து வழியா சிவப்புக் கூன்வண்டு ஏறும். வெட்டித் தள்ளப் போற மரம் எங்க இருக்குன்னு தென்னை ஏறுறவர்கிட்ட கேளு.

பூவுக்கு தோவாளைப் பூச்சந்தை. கேக் மேசைக்குப் பின்னால காகிதப் பூவுக்குப் பதிலா மாணிக்கமாலை நாலு தொங்கவிடலாம். அரளிப் பூவை மடிச்சு, நொச்சி இலையோட சம்பா நார்ல தட்டையா கட்டுவாங்க. வெள்ளையும் சிவப்பும் பச்சையும் கல் பதிச்ச மாதிரி நிக்கும். 2025ல அதுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. போட்டோவுக்கு அதை விட ஒரு பின்னணி நான் பாத்ததில்ல.

அக்டோபர் 20, காலை

நேத்து எழுதினதைத் திருத்துறேன். இரவு படுத்த பிறகுதான் உறைச்சுது.

அரளி விஷம். பூ, இலை, பால் எல்லாமே விஷம். ஒரு வயசுப் பிள்ளை, எட்டினதையெல்லாம் வாயில வைக்கிற வயசு. கூட வாற பிள்ளைகளும் அதே உயரம். மாணிக்கமாலையை கல்யாணத்துக்கு வெச்சுக்கோ, இந்த விசேஷத்துக்கு வேண்டாம். ‘உசரத்துல கட்டினா போதாதா’ன்னு தோணும். பூ உதிரும் மக்களே, கீழ விழுந்ததை எடுக்கிறது யாருன்னு நமக்குத் தெரியாது.

பிச்சியும் மல்லியும் வாங்கு. ஆனா கார்த்திகையில முகூர்த்த நாள் வந்தா தோவாளைச் சந்தையில விலை ஒரே நாள்ல ஏறும், பனி விழுந்தா மல்லி வரத்தும் குறையும். பூவுக்குன்னு ஒரு தொகையை ஒதுக்கி, அதுக்கு எவ்வளவு கிடைக்குதோ அவ்வளவு வாங்கு. குறைஞ்சா குருத்தோலை நிரப்பும்.

அக்டோபர் 27

மழை பிடிச்சிட்டு. மூணு நாளா என் வீட்டுல வெட்டி வெச்ச அட்டையெல்லாம் ஓரம் தூக்கி நிக்குது.

ஐப்பசி, கார்த்திகையில காகித வேலை எடுக்கிறவங்க இதை மனசுல வைக்கணும். காகிதத்துக்கு நார் ஓட்டம் உண்டு. ஈரம் ஏறினா நார் நீளத்துல பெருசா மாறாது, குறுக்கே ஊதும். அதனாலதான் ஒரே பக்கமா வளையும். மடிக்கிற அட்டைன்னா நார் ஓடுற திசையிலயே மடிப்பு வரணும், குறுக்கே மடிச்சா 300 ஜிஎஸ்எம் மடிப்புல வெடிச்சு வெள்ளை தெரியும். திசையைக் கண்டுபிடிக்க ஒரு ஓரத்துண்டைக் கிழிச்சுப் பாரு. நேரா கிழிஞ்சா நார் அந்தப் பக்கம், கோணல்மாணலா போனா குறுக்கு. மடிக்கிறதுக்கு முன்னால மை தீர்ந்த ரீஃபிளால ஸ்கேல் வெச்சு ஒரு கோடு அழுத்து.

வெட்டின அட்டையை ரெண்டு பலகைக்கு நடுவில வெச்சு, மேல அம்மிக்குழவி மாதிரி ஏதாவது பாரம் ஏத்தி, பீரோவுக்குள்ள வை. தரையிலயும் சுவரை ஒட்டியும் வைக்காதே.

பசை பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய ஆட்கள் மைதாப் பசையில மயில்துத்தம் கலப்பாங்க, பூச்சி வராது. பைண்டிங் வேலைக்குச் சரி. பிள்ளைகள் தொடுற பொருளுக்கு வேண்டவே வேண்டாம், அதுவும் விஷம்தான். வெறும் மைதாப் பசைன்னா பாச்சான், அதான் கரப்பான், தின்னும், ஆனா உன் காரியம் ஒரு நாள் நின்னா போதுமே.

நவம்பர் 3

பலூன். நீ கேப்பேன்னு தெரியும்.

பலூன் ரப்பர் பால்ல வாறது. குலசேகரம் பக்கம் காலையில சிரட்டையில வடியிற அதே பால்தான். அதனால கண்ணாடி மாதிரி மினுங்கிற பலூன் திறந்த முற்றத்துல கொஞ்ச நேரத்துலயே வெளுத்து மங்கிரும். வெயிலும் காத்தும் பட்டா ரப்பர் அப்படித்தான். அடர் நிறம் சூட்டை இழுத்து சீக்கிரம் வெடிக்கும். பலூன் வளைவுன்னு ஒண்ணு கட்டணும்னா வீட்டுக்குள்ள, ஹால்ல கட்டு. விழா அன்னைக்குக் காலையில ஊது. வெடிச்ச துண்டை ஒரு ஆள் உடனே பொறுக்கணும், சின்னப் பிள்ளை தொண்டையில ஒட்டினா மூச்சு நிக்கும். இதுக்குன்னு ஒரு ஆளைப் பேர் சொல்லி நியமிச்சு வை.

பலூனுக்குப் பிளாஸ்டிக் குச்சி, அலங்கார தெர்மாகோல், அழைப்பு அட்டை மேல சுத்துற பிளாஸ்டிக் தாள், இதெல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. இன்னும் சில கடைகள்ல ‘பேர் வெட்டித் தாறோம்’னு தெர்மாகோலை நீட்டுவாங்க. வாங்காதே. நெளிவுள்ள அட்டைப்பெட்டித் தாளை ரெண்டு அடுக்கா ஒட்டி எழுத்து வெட்டி, மேல துணி ஒட்டினா அதை விட அழகு. மழைக்குக் கொஞ்சம் தாங்கும்.

நவம்பர் 9

இன்னைக்குக் கோட்டாறு பக்கம் போயிருந்தேன். சவேரியார் திருவிழாவுக்கு இப்பவே கடை போட இடம் பாக்கத் தொடங்கியாச்சு. டிசம்பர் 3 வரைக்கும் அந்தப் பக்கம் நெரிசல்தான், சாமான் வாங்கணும்னா 20ஆம் தேதிக்குள்ள முடிச்சிடு.

திரும்பி வரும்போது நட்சத்திரம் நினைப்பு வந்தது. எங்க அப்பா டிசம்பர் பிறந்ததும் மூங்கிலைக் கீறி உட்காருவாங்க. அஞ்சு கீற்று ஒரு நட்சத்திரம், அதே அளவுல இன்னொண்ணு. ரெண்டையும் அஞ்சு முனையில சணல் நூலால சேத்துக் கட்டி, நடுவில அஞ்சு சின்னக் கட்டையை முட்டுக் கொடுத்தா வயிறு உப்பி நிக்கும். அதுக்கு மேல வர்ணத்தாள். முட்டு கொடுக்கிற நிமிஷம்தான் எனக்குப் பிடிச்சது: தட்டையா கிடந்த மூங்கில் திடீர்னு எழும்பும். உள்ள 60 வாட் குண்டு பல்பு. ஒரு வருஷம் சாய்ஞ்சு தாளைத் தொட்டு, பலா மரக் கிளையிலயே எரிஞ்சு போச்சு. அப்பா மறுநாளே இன்னொண்ணு செஞ்சாங்க.

இப்போ எல்இடி சூடாகாது, அந்தப் பயம் இல்ல. உன் முற்றத்துக்கு ரெண்டு நட்சத்திரம் செய்யலாமே மக்களே. வெள்ளைத் தாள் ஒட்டினா பிறந்தநாளுக்கும் ஆகும், அப்படியே கிறிஸ்மஸ் வரைக்கும் கிடக்கட்டும். முதல் நாள் பதில்ல ‘பாதிச் செலவுல முடியாது’ன்னு எழுதினேன். நட்சத்திரத்துக்கு அது பொருந்தாது. மூங்கிலும் தாளும் சேத்து, கடையில வாங்குற ஒரு நட்சத்திர விலைக்கு நாலு செய்யலாம்.

நவம்பர் 16

கொடுத்து விடுற பெட்டி: பனையோலைப் பெட்டி, கையகலம், மூடியோட. உள்ள முந்திரிக்கொத்துப் பலகாரம் அஞ்சு. ஒரு வாரம் கெடாது, நம்ம ஊர் சாமானும்கூட. கேக் துண்டு வெச்சா சாயங்காலத்துக்குள்ள ஓலையில ஒட்டிக்கும்.

எண்ணெய் கசியும், அதனால அடியில பட்டர் பேப்பர் வை. பேர்ச் சீட்டை உள்ள போடாதே, மூடியில ஓட்டை போட்டு சணல் நூல்ல வெளிய தொங்கவிடு. எனக்கு ஒரு தடவை 80 சீட்டும் எண்ணெய் குடிச்சு கண்ணாடி மாதிரி ஆகி, பேர் மறுபக்கம் தெரிஞ்சுது.

சீட்டுல ‘நன்றி, மீண்டும் வருக’ன்னு அடிக்க வேண்டாம். வீட்டுக்கு ஒண்ணு, நீ அவங்களை எப்படிக் கூப்பிடுவியோ அப்படி எழுது. மேலவீட்டுச் சித்தி. தக்கலை மாமா. மயினி வீடு. 45 சீட்டுதான், ரெண்டு ராத்திரியில முடியும். எழுத்து அழகா இல்லேன்னு சொல்லாதே, உன் எழுத்து அதுன்னு அவங்களுக்குத் தெரியும்.

நவம்பர் 22

பேனா: ஜெல் பேனா வேண்டாம், பலதும் ஈரக்கை பட்டா இழுகும். வீட்டு இங்க்ஜெட் பிரின்டரும் பெரும்பாலும் அப்படித்தான், லேசர் பிரின்ட் நிக்கும். நிறமி மை (பிக்மென்ட் இங்க்) பேனான்னு கேட்டு வாங்கு. எழுதின சீட்டுல நனைஞ்ச விரலை வெச்சு ஒரு இழுப்பு இழுத்துப் பாத்துட்டு மத்ததை எழுது.

பேர் எழுதாத சீட்டு 6, பெட்டி 6 தனியா வை. சொல்லாம வாறவங்க உண்டு. பேனாவையும் அதுக்குள்ளயே போட்டு வை, அந்த நேரத்துல தேடினா கிடைக்காது.

டிசம்பர் 2

படமெல்லாம் பாத்தேன். கொள்ளாம், ரொம்பக் கொள்ளாம். குருத்தோலை அந்த வெள்ளைத் துணிக்கு முன்னால தந்தம் மாதிரி நிக்குது. நட்சத்திரம் ஒண்ணுக்கு ஒரு முனை குட்டையா இருக்கு, முட்டுக்கட்டை அந்தப் பக்கம் நீளமாப் போயிட்டு. கிறிஸ்மஸுக்குள்ள அவிழ்த்து சரி பண்ணிரலாம்.

கேள்வி கேட்ட கருங்கல் பொண்ணு எழுதி அனுப்பின கணக்கு, எல்லாரும் பாக்கட்டும்னு சொன்னா: அலங்காரக்காரர் கேட்ட தொகையில முக்காலுக்குக் கொஞ்சம் குறைவா ஆயிருக்கு. பாதியாகல. அவ உழைப்பு 19 மணி நேரம், மாமியார் உழைப்பு அவ எண்ணல. மாமியார் எண்ணி வெச்சிருப்பாங்க, கேட்டுப் பாரு.

அழைப்பு அட்டையில மாமியார் பேர் அவங்க எழுதின படியே ஒற்றுப் பிழையோட இருந்திருக்கு. அச்சுக்கடைக்காரர் ரெண்டு தடவை போன் போட்டு ‘தப்பா இருக்கே, திருத்தட்டா’ன்னு கேட்டாராம். இவ விடலையாம்.

ஒண்ணு கேட்டிருக்கா: மிச்சம் வெச்ச 6 சீட்டும் பத்தல. பந்தல் போட்டவங்க, பாத்திரம் கொண்டு வந்தவங்க சாயங்காலம் கழட்ட வந்திருக்காங்க. பெட்டி எடுத்துக் கொடுத்தப்போ அதுல ஒரு பையன், ‘எல்லாருக்கும் பேர் எழுதியிருக்கே’ன்னு வாங்காம நின்னிருக்கான். இவ பேனாவைத் தேடி எடுத்து எழுதியிருக்கா. அவன் இனிஷியலும் போடச் சொல்லி, மை காயற வரைக்கும் சீட்டை ஊதிக்கிட்டே நின்னானாம். அதைப் பாத்து மத்த நாலு பேரும் வரிசையில வந்துட்டாங்களாம். சீட்டு தீர்ந்து கடைசி ரெண்டு பேருக்கு அழைப்பு அட்டையோட பின்பக்கத்தை வெட்டி எழுதிக் கொடுத்திருக்கா. ‘அடுத்த தடவை எத்தனை வைக்கணும்’னு கேக்கிறா.

15 வை. பந்தல்காரர்கிட்ட எத்தனை ஆள் வருவாங்கன்னு முந்தின நாளே கேட்டு, பேரையும் கேட்டு வாங்கிக்கோ.